கைப்பேசி கேள்வி–பதில்: மடிப்புப் போன் உடைந்தால் யார் தலையில் விடியும்?

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும், திரையே மடியும் மடிப்புப் போனைப் பற்றி நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழில் அதற்கு மட்டுமே பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் பட்டணத்து டெல்கோ (தொலைத்தொடர்பு நிறுவன) கடையில் மடிப்புப் போன் கண்ணில் படுவதே இல்லை. கேட்டால், “ஆர்டர் போட்டால் வரும், முன்பணம் கட்டுங்கள்” என்கிறார்கள். ஈப்போ பேரங்காடியில் மட்டும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக்காரன் வாங்கமாட்டான் என்ற நினைப்பா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அப்படி யாராவது நினைத்தால் அது தப்புக் கணக்கு. ஆனால் உங்கள் கடைக்குப் போன் வராததற்கு வேறு காரணம் இருக்கிறது.

ஒரு மடிப்புப் போனை விற்கலாமா வேண்டாமா என்று டெல்கோ யோசிக்கும்போது முதலில் எழுவது “திரும்பி வந்தால் செலவு யாருடையது?” என்ற கேள்விதான். டெல்கோ போனை விற்பதோடு நிற்பதில்லை, அதற்குக் கடனும் கொடுக்கிறது. 7,000 வெள்ளிப் போனை 36 மாதத் தவணையில் கொடுத்தால், மாதம் 194 வெள்ளிக்குக் கிட்டே போனுக்கு மட்டும் வரவேண்டும். பத்தாம் மாதம் திரை செத்துப்போனால், செத்த போனுக்கு இன்னும் 26 மாதம் ஏன் கட்டவேண்டும் என்று வாடிக்கையாளர் நிறுத்திவிடுவார். பாக்கி 5,000 வெள்ளிக்கு மேல். அதோடு, உடைந்த போனைத் தூக்கிக்கொண்டு மக்கள் தயாரிப்பாளரைத் தேடிப் போவதில்லை. லைன் எடுத்த கடைக்குத்தான் வருகிறார்கள். திட்டு வாங்குவது கவுண்டரில் நிற்கும் பிள்ளை.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2016 ஆகஸ்ட்டில் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது, செப்டம்பரில் சுமார் 25 லட்சம் போன்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்தன. அமெரிக்க டெல்கோக்களான ஏடி அண்ட் டி, டி-மொபைல் இரண்டும் அக்டோபர் 9ஆம் தேதியே அந்தப் போனைக் கொடுப்பதை நிறுத்திவிட்டன. தயாரிப்பாளர் அதை அடியோடு கைவிட்டது அக்டோபர் 11ஆம் தேதிதான். விற்றவர்கள் தயாரித்தவரை முந்திக்கொண்டு கையை எடுத்தார்கள்.

அடுத்தது 2019. முதல் கேலக்ஸி ஃபோல்ட் 1,980 டாலர் விலையில் ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வரவேண்டியது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுத்த சில போன்கள் ஓரிரு நாளிலேயே கெட்டன. சிலர் திரையின் மேலிருந்த படலத்தை, கடையில் ஒட்டிக் கொடுக்கும் பாதுகாப்புத் தாள் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். உண்மையில் அது திரையின் ஒரு பகுதி. இன்னும் சில போன்களில் கீலின் இடுக்கு வழியாகத் துகள் நுழைந்து திரையை அடியிலிருந்து முட்டியது. ஏப்ரல் 22ஆம் தேதி சாம்சங் விற்பனையைத் தள்ளிப்போட்டது. ஏடி அண்ட் டி முன்பதிவுகளை ரத்து செய்து 100 டாலர் சலுகை கொடுத்தது. டி-மொபைல் விற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. செப்டம்பரில் திருத்திய போன் வந்தது: படலத்தின் ஓரம் சட்டத்துக்கு அடியில் போனது, கீலின் இரு முனைக்கும் மூடி வந்தது, திரைக்கு அடியில் உலோகத் தகடு சேர்ந்தது. ஏடி அண்ட் டி அதைத் திரும்பவும் விற்றது. ஒரே போனுக்கு இரண்டு டெல்கோ இரண்டு விதமாக முடிவெடுத்தது, ஆளுக்கு ஒரு கணக்கு இருந்ததால்.

விற்க ஒப்புக்கொள்ளும் டெல்கோவுக்கும் ஆதாயம் உண்டு. இந்தப் போனை எடுப்பவர் பெரிய பிளானில் சேருவார், 24 அல்லது 36 மாதம் கட்டுண்டு கிடப்பார். அதனால் பெரும்பாலும் ‘விற்கிறோம், ஆனால் எங்கள் மேல் விழாதபடி விற்கிறோம்’ என்பதுதான் முடிவாகிறது. பெரிய கிளைகளில் மட்டும் அடுக்குவது, சிறிய பட்டணத்துக்கு ஆர்டரின் பேரில் அனுப்புவது, பில் ஒழுங்காகக் கட்டியவருக்கு மட்டும் தவணை கொடுப்பது, முன்பணத்தை உயர்த்துவது எல்லாம் அதன் அடையாளம். நீங்கள் கட்டும் முன்பணம் அவர்களுடைய ஆபத்தில் ஒரு பங்கு. அதைக் கட்டும் முன், எத்தனை நாளில் போன் வரும், வராவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தைக்கு நிற்காதீர்கள்.

கேள்வி: டெல்கோவே விற்கிறது என்றால் பரிசோதித்துப் பார்த்துத்தானே விற்பார்கள்? இரண்டு லட்சம் தடவை, ஐந்து லட்சம் தடவை மடிக்கலாம் என்று விளம்பரம் வருகிறதே, நம்பலாமா?
– ஆசிரியர், சாலாக் உத்தாரா

பதில்: டெல்கோ முக்கியமாகச் சோதிப்பது லைன் பிடிக்கிறதா, அழைப்பு அறுகிறதா, தன் அலைவரிசைகளில் ஒழுங்காக ஓடுகிறதா என்பதை. கீல் எத்தனை வருஷம் தாங்கும் என்பதற்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் எண்ணைத்தான் அவர்களும் நம்புகிறார்கள். தொடர்புத்துறை ஆணையமான எம்.சி.எம்.சி.யின் முத்திரையும் அப்படித்தான். தொடர்புச் சாதனமாக அது தகுதி பெற்றது என்று சொல்லும், திரை உடையாது என்று சொல்லாது.

எண்ணைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 100 தடவை திறந்து மூடினால், இரண்டு லட்சம் என்பது 2,000 நாள், ஐந்தரை ஆண்டு. 2025இல் வந்த கேலக்ஸி இசட் ஃபோல்ட் 7க்குச் சொல்லும் ஐந்து லட்சம் 5,000 நாள், 13 ஆண்டுக்கு மேல். எண் பொய்யல்ல. ஆனால் அதை எண்ணியது இயந்திரக் கை. அது நடுவில் பிடித்து, ஒரே வேகத்தில், தூசியில்லாத அறையில் மடிக்கிறது. நம் கை ஒரு மூலையைப் பிடித்து, கட்டைவிரலால் திரையை அழுத்தி, வியர்வையோடு திறக்கிறது.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் எதற்குப் பயப்படவேண்டும் என்று தெரியும். உள்திரையில் இருக்கும் மெல்லிய கண்ணாடி சுமார் 0.03 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெலிது. அதை 1.5 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் வெளிப்பரப்பு சுமார் 1 சதவீதம் நீள்கிறது. சாதாரணப் போனின் 0.6 மி.மீ. கண்ணாடியை அதே அளவுக்கு வளைக்கப் போனால் 20 சதவீதம் நீளவேண்டும். அது அந்த இடத்திலேயே நொறுங்கும். மெலிவுதான் மடிய வைக்கிறது, மெலிவுதான் பலவீனமும். மடிப்புக் கோட்டில் நகக்கீறல் அளவுக்கு ஒரு தழும்பு விழுந்தால், ஒவ்வொரு மடிப்பிலும் இழுவிசை முழுவதும் அந்தத் தழும்பின் முனையில் குவிகிறது. ஒருநாள் ‘டிக்’ என்று கோடு விழும். போன் கீழே விழவே இல்லையே என்று நாம் தலையில் கை வைப்போம். மடிப்பு எண்ணிக்கையை விட்டுவிட்டு, மடிப்புக் கோட்டின் மேல் என்ன படுகிறது என்று பாருங்கள்.

கேள்வி: நான் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். உரம் போடும் நாளிலும் பழம் வெட்டும் நாளிலும் வெளியில்தான் வேலை. மோட்டாரில் செம்மண் சாலை. ‘தண்ணீர் புகாது’ என்று சொல்லி ஒரு மடிப்புப் போனைக் காட்டினார்கள். எடுக்கலாமா?
– வாசகர், ஜாலோங்

பதில்: அந்த வேலைக்கு வேண்டாம். ஏன் என்று விளக்கிவிடுகிறோம்.

பெட்டியில் ‘ஐ.பி.’ என்று தொடங்கும் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 2021இல் வந்த சாம்சங் மடிப்புப் போன்களில் ‘ஐ.பி.எக்ஸ்.8’ என்று இருந்தது. எக்ஸ் என்றால் தூசிக்கு மதிப்பெண் இல்லை. இப்போது பலவற்றில் ஐ.பி.48. அந்த 4 சொல்வது, 1 மில்லிமீட்டருக்கு மேல் பருமனுள்ள பொருள் உள்ளே போகாது என்பதை மட்டும். செம்மண் புழுதியும் உரத் தூளும் அதைவிடப் பல மடங்கு பொடி. 2025இல் வந்த கூகுள் பிக்சல் 10 புரோ ஃபோல்ட் போல ஐ.பி.68 வாங்கிய மடிப்புப் போன்கள் வரத்தொடங்கியிருக்கின்றன, அந்த 6 முழுத் தூசிக் காப்பு. ஆனால் புதுப்போனில் எடுத்த மதிப்பெண் அது. ரப்பரும் பசையும் தேயத் தேயக் குறையும்.

உரம் போடும் நாள்தான் மோசம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, ஒருவகை உப்பு. அதன் தூள் கீலுக்குள் போய், வியர்வையும் காலைப் பனியும் சேர்ந்தால் உப்புநீராகி, சின்னச் சின்ன ஸ்பிரிங்கையும் பற்சக்கரத்தையும் அரிக்கும். சில போன்களில் கீலுக்குள் தூசியைத் தள்ளிவிட நைலான் இழைத் தூரிகை வைத்திருக்கிறார்கள். அது காய்ந்த தூசியைத் தள்ளும், ஈர உப்புக் களிம்பைத் தள்ளாது. தண்ணீர் சோதனையும் நல்ல தண்ணீரில் செய்ததுதான், வியர்வையிலோ உரநீரிலோ அல்ல.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களுக்கு: காட்டு வேலைக்குப் போகும்போது போனை மூடியபடி ஜிப் பையில் போட்டு, சட்டைப்பையில் வையுங்கள். கால்சட்டைப் பையில் வைத்தால் மோட்டாரில் உட்காரும்போது ஒரு பக்கமாக நெருக்கும். திறக்கும் முன் கையைத் துடையுங்கள், இரு பக்கச் சட்டத்தையும் பிடித்துத் திறங்கள். திறக்கும்போது மணல் நெரிபடும் ‘கர்ர்’ சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். போனைக் கவிழ்த்துப் பிடித்து, மிருதுவான பெயின்ட் பிரஷ்ஷால் கீலின் இரு முனையையும் வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். கம்ப்ரெசர் காற்று அடிக்கவே கூடாது, வெளியே நிற்கும் துகளைத் திரைக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பசையையும் இளக்கும். நனைந்துவிட்டால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, திறந்தபடி மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள், காயும்வரை சார்ஜ் போடாதீர்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், அரிசி மாவும் தூசிதான்.

கேள்வி: ஒரு வருஷம் ஆன மடிப்புப் போனில் நடுக்கோட்டில் படலம் காற்றுக் குமிழியாக எழும்பியிருக்கிறது. பசார் மாலாம் கடைக்காரர், “இதை உரித்துவிட்டு டெம்பர்ட் கிளாஸ் ஒட்டித் தருகிறேன், 30 வெள்ளி” என்கிறார்.
– கல்லூரி மாணவி, செம்மோர்

பதில்: கொடுக்காதீர்கள் தங்கச்சி. டெம்பர்ட் கிளாஸ் மடியாது. மடித்தால் அது உடைந்து உங்கள் திரையையும் கூட்டிக்கொண்டு போகும்.

உள்திரையின் மேல் பொதுவாக இரண்டு அடுக்கு. மேலே இருப்பது ஆலையில் ஒட்டிய, மாற்றக்கூடிய படலம். அதற்கு அடியில், மெல்லிய கண்ணாடியோடு ஒட்டியே இருக்கும் இன்னொரு படலம். அதைத் தொடவே கூடாது. குமிழி எழும்புவது மேல் அடுக்கில், பெரும்பாலும் நம் வெயிலால்: காரின் முன்பலகையில் வைத்த போனில் பசை இளகி, மடிப்புக் கோட்டில் பிடி விடுகிறது. அந்த மேல் அடுக்கை உரிக்கும்போது அடி அடுக்கின் ஓரமும் சேர்ந்து வந்தால் திரையே போய்விடும். 2019இல் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

குமிழி ஓரம் வரை போய்த் திறந்துகொண்டதா என்று பாருங்கள். திறந்துவிட்டால் அந்த இடுக்கில் தூசி ஏறும், பிறகு ஒவ்வொரு மடிப்பும் தூசியை வைத்து அரைப்பதுபோல் ஆகும். அதற்கு முன்பே அதிகாரபூர்வச் சேவை மையத்தில் படலத்தை மட்டும் மாற்றிக் கேளுங்கள். உள்திரை மாற்றும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. அதுவரை போனை முடிந்தவரை திறந்தே வையுங்கள், குமிழியை நகத்தால் தடவி அழுத்தாதீர்கள்.

கேள்வி: மகனுக்காக என் பெயரில் 36 மாத ஒப்பந்தத்தில் மடிப்புப் போன் எடுத்தேன். எட்டாம் மாதம், காலையில் திறந்தபோது நடுவில் கறுப்புக் கோடு. ‘அடிபட்டது’ என்று சேவை மையம் வாரண்டியை மறுத்தது. டெல்கோவோ, “போன் சங்கதி எங்களுக்கில்லை, மாதம் கட்டுங்கள்” என்கிறது. கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?
– ஒரு தாய், லிந்தாங்

பதில்: அம்மா, கோபம் நியாயமானது. ஆனால் கட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். லைன் ஒப்பந்தமும் போன் பழுதும் தனித்தனி வழக்கு. நிறுத்தினால் லைன் அறுபடும், மீதித் தவணை மொத்தமாகக் கேட்கப்படும், உங்கள் பெயர் சி.டி.ஓ.எஸ். கடன் பதிவில் ஏறக்கூடும். பிறகு மோட்டார் லோன் கேட்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். போன் பழுதுக்கான வழக்கை நீங்கள் தனியாக, கட்டிக்கொண்டே நடத்தலாம்.

முதலில் ‘அடிபட்டது’ என்று வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். எந்த இடத்தில் அடி, அதன் படம் எங்கே என்று கேளுங்கள். அடிபட்ட போனில் சட்டத்தின் மூலையில் நசுங்கலோ கீறலோ இருக்கும், கண்ணாடி விரிசல் அங்கிருந்து கிளம்பும். உங்களுடையது மடிப்புக் கோட்டோடு நேராக ஓடி, நான்கு மூலையும் சுத்தமாக இருந்தால் அது உங்கள் பக்கச் சாட்சி. போனை அவர்களிடம் ஒப்படைக்கும் முன்னரே நான்கு மூலை, கீலின் இரு முனை, முதுகு, திறந்த திரை எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைக்கவேண்டும். இப்போதாவது எடுங்கள்.

இரண்டாவது, சட்டம் உங்களைக் கைவிடவில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. விலையையும் வைத்துத்தான் தரத்தை எடைபோடுகிறார்கள். 7,000 வெள்ளிப் போன் எட்டு மாதத்தில் தானாகக் கோடு விழுவது ஏற்கத்தக்கதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பில்லின் அடியில் ‘பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருந்தாலும் அந்த உரிமை போகாது.

கேட்கவேண்டிய இடம் பயனீட்டாளர் நடுவர் மன்றம், மலாயில் திரிபூனல் துந்துத்தான் பெங்குனா. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம், பிரச்சினை தொடங்கி மூன்று ஆண்டுக்குள் போடவேண்டும், வக்கீல் வேண்டாம். போராங் 1 என்ற மனுப் படிவத்தைப் பூர்த்தி செய்யும்போது விற்ற தரப்பையும் தயாரிப்பாளரையும் சேர்த்தே எழுதுங்கள். ஒருவரை மட்டும் போட்டால் அவர் மற்றவரைக் கைகாட்டி நகர்வார். ஒப்பந்த நகல், எட்டு மாத பில், படங்கள், சேவை மையத்தின் எழுத்து, நீங்கள் அனுப்பிய புகார் கடிதம், எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். பில்லிலேயே தவறு இருந்தாலோ, சொல்லாத கட்டணம் ஏறியிருந்தாலோ அதை மட்டும் எம்.சி.எம்.சி.க்குப் புகாராக அனுப்புங்கள், இரண்டையும் ஒரே கடிதத்தில் குழப்பாதீர்கள்.

இன்னும் ஒப்பந்தம் போடாதவர்கள் கவுண்டரிலேயே கேளுங்கள்: இடையில் விலகினால் எந்த மாதத்தில் எவ்வளவு கட்டவேண்டும்? மாதக் கட்டணத்தில் காப்புறுதி சேர்ந்திருக்கிறதா, சேர்ந்திருந்தால் உள்திரைக்கும் அது செல்லுமா, ஒரு தடவைக்கு நாம் எவ்வளவு போடவேண்டும்? ஈப்போவில் இருப்பது பழுதுபார்க்கும் மையமா, வாங்கிக்கொண்டு கோலாலம்பூருக்கு அனுப்பும் கவுண்டரா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அங்கிருந்து அது இன்னொரு பயணம் போனால் பழுதுக்கான நாட்கள் கூடும்.

அந்த நாட்களில் வங்கி வேலையும் நிற்கும். இப்போது வங்கிகள் ஒப்புதல் கேட்பது ஒரே ஒரு பதிவுசெய்த போனில்தான், வேறு போனுக்கு மாற்றினால் சில மணிநேரமாவது காத்திருக்க வைப்பார்கள். போனைப் பழுதுக்குக் கொடுக்கும் முன் பழைய போனுக்கு வங்கிச் செயலியை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நான் சிறிய போன் கடை வைத்திருக்கிறேன், ஒரு டெல்கோவின் டீலர். இரண்டு மடிப்புப் போன் ஸ்டாக் எடுக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். எடுப்பதா?
– கடைக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: பெரிய டெல்கோ போடும் அதே கணக்கை உங்கள் கல்லாப்பெட்டி அளவுக்குப் போட்டுப் பாருங்கள் அண்ணன். 7,000 வெள்ளிப் போனில் உங்களுக்கு 3 சதவீதம் நின்றால் 210 வெள்ளி. ஒரு போன் விற்காமல் தங்கி, புது மாடல் வந்து விலை 1,000 வெள்ளி இறங்கினால், கிட்டத்தட்ட ஐந்து போன் விற்ற லாபம் போச்சு. சாம்சங் 2021இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஜூலை, ஆகஸ்ட்டில் புது மடிப்புப் போனைக் கொண்டுவருகிறது. மே, ஜூனில் உங்களிடம் ஸ்டாக் தள்ள வருகிறார்கள் என்றால் ஏன் என்று யோசியுங்கள்.

பணம் கொடுத்து வாங்கி வைக்கவேண்டாம். விற்றபின் கட்டும் முறையில் தந்தால் ஒன்று எடுங்கள். விலை இறங்கினால் வித்தியாசத்தைத் திருப்பித் தருவார்களா, பெட்டியைத் திறந்ததுமே பழுதாக இருந்தால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள், அந்த நாட்கள் உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்தா வாடிக்கையாளர் வாங்கிய தேதியிலிருந்தா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவதில்தான் சிறிய கடைகள் அடிவாங்குகின்றன: கடையில் இரண்டு மாதம் கிடந்த பெட்டியை வாடிக்கையாளர் முன்னால் திறக்கும்போது கெடு முடிந்திருக்கும். மேலே அந்தத் தாய்க்குச் சொன்ன நடுவர் மன்றம் உங்களுக்குக் கைகொடுக்காது. மறுவிற்பனைக்கு வாங்கியவர் சட்டத்தின் கண்ணில் பயனீட்டாளர் அல்ல. உங்கள் காப்பு உங்கள் ஒப்பந்தத் தாள்தான்.

காட்சிக்கு வைக்கும் போன் நிறுவனத்துடையதாக இருக்கட்டும். அதை ஒரு நாளில் எத்தனை பேர் திறப்பார்கள் என்று சொல்ல முடியாது, அதிலும் பிசாங் கோரெங் சாப்பிட்ட கையோடு. திருட்டுத் தடுப்புக் கம்பியின் பசைத்துண்டை முதுகின் ஒரு பாதியில் மட்டும் ஒட்டுங்கள். கீலின் குறுக்கே ஒட்டினால், இழுக்கும்போதெல்லாம் கீல் முறுக்கும்.

விற்கும்போது பெட்டியை வாடிக்கையாளர் முன்னால் திறந்து, தொடங்கியதிலிருந்து ஒரே வீடியோவாக எடுங்கள். போக்குவரத்துக்காகச் சுற்றிய தாளை மட்டும் எடுக்கவேண்டும், திரைப் படலத்தை அல்ல என்று கடைப் பிள்ளைக்கு விரல் வைத்துக் காட்டுங்கள். முழு வெள்ளைத் திரையில் கறை, முழுக் கறுப்பில் ஒளிப்புள்ளி பாருங்கள். ஒரு செயலிப் படத்தை விரலால் பிடித்துத் திரை முழுக்க, குறிப்பாக மடிப்புக் கோட்டின் மேல், இழுத்துப் பாருங்கள். எங்காவது விரலை விட்டு நழுவினால் அங்கே தொடு உணர்வு செத்திருக்கிறது. பத்துத் தடவை மெதுவாகத் திறந்து மூடி, 180 பாகைக்கு விரிகிறதா, மூடும்போது இரு ஓரமும் ஒன்றாகப் பொருந்துகிறதா பாருங்கள். வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்குங்கள். பத்து நிமிஷம் போகும்தான். அந்தப் பத்து நிமிஷத்தைச் சேமித்த கடைகள்தான் பிறகு வாசலில் வாக்குவாதம் செய்துகொண்டு நிற்கின்றன.

கேள்வி: பழைய மடிப்புப் போன் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? மூன்றாக மடியும் போன் பற்றியும் சொல்லுங்கள்.
– வாசகர், கோலகங்சார்

பதில்: பழையதற்கு மேலே சொன்ன அதே சோதனைகள் எல்லாம் பொருந்தும். கூடவே, *#06# அழுத்தி வரும் எண் பெட்டியிலும் ரசீதிலும் ஒன்றா என்று பாருங்கள். தவணை பாக்கி உள்ள போனைத் தூரத்திலிருந்தே பூட்டும் மென்பொருள் உண்டு. கடன் தீர்ந்த கடிதம் இல்லாமல் பணத்தை நீட்டாதீர்கள். விற்பவர் தன் கூகுள் கணக்கை உங்கள் முன்னால் நீக்கி, போனை முழுதாக அழித்துத் திரும்பத் தொடங்கட்டும். உள்நாட்டு வாரண்டி இல்லாத இறக்குமதிப் போன் என்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள், திரைக்கு அலைந்தே ஓய்ந்துபோவீர்கள். மடிப்புக் கோட்டை விளக்குக்குச் சாய்த்துப் பாருங்கள்: பள்ளம் இருப்பது இயல்பு, பள்ளத்துக்குள் நூல்போல வெள்ளைக் கீற்று தெரிந்தால் கண்ணாடி விட்டுப்போகத் தொடங்கிவிட்டது.

மூன்று மடிப்புப் போனான ஹுவாவே மேட் எக்ஸ்டியின் உலக அறிமுகம் 2025 பிப்ரவரியில் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது, விலை 14,999 வெள்ளி. இரண்டு கீல், அதில் ஒன்று வெளிப்பக்கமாக மடிவதால் மூடியபோதும் மென்திரையின் ஒரு பகுதி வெளியிலேயே இருக்கும். சாவியோடு ஒரே பையில் போட்டால் கீறல் விழும் இடம் அது. பட்டணத்தில் ஒன்றும் ஈப்போவில் ஒன்றுமாக இரண்டு கடையில் விசாரித்து, அந்த வெளித்திரையை மாற்ற எவ்வளவு, எத்தனை நாள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.